பதினோரு ஒயர்கள்

சமையலறை நடுவில் நின்று எண்ணிப் பார்த்தேன். மிக்சி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், ரைஸ் குக்கர், டோஸ்டர், சாண்ட்விச் மேக்கர், கையில் பிடித்துக் கடையும் பிளெண்டர், மைக்ரோவேவ், தண்ணீர் சுத்திகரிப்பான், ஃபிரிட்ஜ். பதினோரு ஒயர். சுவரில் இருப்பது நான்கே பாயிண்ட். மூன்று சின்னது, ஒன்று பெரியது. அந்தப் பெரியதும் ஃபிரிட்ஜுக்குப் போய்விட்டது.

அம்மா அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறாள். இந்த முறை பத்து நாள் இருந்துவிட்டுப் போவதற்கு இல்லை, இங்கேயே இருப்பதற்கு. அதற்குள் இந்த அறையை அவள் கைக்குப் பழகும்படி செய்துவிட வேண்டும்.

*

அம்மாவுக்கு 73 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. குனிந்தும் எடுக்க முடியாது, எக்கியும் எடுக்க முடியாது. ஆனால் சட்னியை அவளே அரைத்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். போன தடவை வந்திருந்தபோது என் மிக்சி கீழ் அலமாரியில், குக்கருக்குப் பின்னால் இருந்தது. நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவள் அதைத் தொடவே இல்லை. பத்து நாளும் மதியம் ரசத்தையும் ஊறுகாயையும் வைத்தே சாப்பிட்டிருக்கிறாள். கிளம்புகிற அன்று பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. “அதை யாரு தூக்கி, ஒயரைப் பிரிச்சு, மாட்டி… ஒரு ஆளுக்கு எதுக்குத் தாயி அம்புட்டு வேலை” என்றாள்.

வீட்டில் மிக்சி இருந்தது. அவளுக்கு இல்லை. இது இன்றுவரை உறுத்துகிறது.

*

அந்த மிக்சியை எடுத்து அரைக்க எத்தனை வேலை என்று நானே செய்து பார்த்தேன். குனிய வேண்டும். குக்கரை நகர்த்த வேண்டும். மிக்சியைத் தூக்கி மேடையில் வைக்க வேண்டும். அடியில் சுற்றியிருக்கும் ஒயரைப் பிரிக்க வேண்டும். ஒயரில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். பாயிண்டில் இருக்கும் கெட்டிலைக் கழற்ற வேண்டும். இதைச் செருக வேண்டும். ஜாரை எடுக்க மறுபடி குனிய வேண்டும். ஒன்பதாவதுதான் சுவிட்சைப் போடுவது. அரைத்த பிறகு இதே ஒன்பதும் தலைகீழாக.

இரண்டு கரண்டி தேங்காய்ச் சட்னிக்கு.

*

ஒரு வாரம் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒரு காகிதம் ஒட்டி, ஒவ்வொன்றையும் எத்தனை தடவை ஓட்டுகிறோம் என்று கோடு போட்டு வந்தேன். மிக்சி 17. கெட்டில் 14. இண்டக்‌ஷன் 6. கிரைண்டர் 2. டோஸ்டர் 2. ரைஸ் குக்கர் 1. பிளெண்டர் 1. சாண்ட்விச் மேக்கர் ஒன்றும் இல்லை.

மேடையில் பளபளவென்று முன்னால் நின்றது எது? சாண்ட்விச் மேக்கரும் டோஸ்டரும். பார்க்க அழகாக இருக்கிறது என்று வைத்தது. தினமும் இரண்டு மூன்று முறை உழைக்கிற மிக்சி இருட்டுக்குள். அலமாரியை அடுக்கும்போது நாம் பொருளைப் பார்த்து அடுக்குகிறோம். கையைக் கேட்டு அடுக்குவதில்லை.

*

மிக்சிக்கும் கிரைண்டருக்கும் நம் ஊர்ச் சமையல்தான் உருக் கொடுத்தது. கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955இல் செய்த மாவரைக்கும் கிரைண்டர், ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டிய யோசனை. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ 2005–06இல் புவிசார் குறியீடும் பெற்றது. மிக்சியின் கதையும் இப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வந்த பிளெண்டர்கள் பழச்சாறுக்குச் சரி. ஊறின பருப்பையும் காய்ந்த மிளகாயையும் மஞ்சளையும் போட்டால் மோட்டார் கருகிவிடும். அதைப் பார்த்துத்தான் 1960களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் சுமீத் மிக்சியை உருவாக்கினார்.

பிறகு 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. அதுவரை மிக்சியே இல்லாத எத்தனையோ வீடுகளில் ஒரே நாளில் மூன்று ஒயர்கள் நுழைந்தன. அம்மாவின் தெருவில் பல வீடுகளில் அப்போது சமையல் மூலையில் ஒரே ஒரு பாயிண்ட்தான் இருந்தது. சில வீடுகளில் அதுவும் இல்லை. கிரைண்டரை நடு அறையில் டி.வி. பக்கத்தில் வைத்து, டி.வி.யைக் கழற்றிவிட்டு மாவாட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

இயந்திரம் வந்துவிட்டது. அது நிற்கிற இடத்தையும், அதற்குக் கரண்ட் வருகிற வழியையும் யாரும் சேர்த்துக் கொடுக்கவில்லை. புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடிகளிலும் இதையே பார்க்கிறேன். படுக்கையறைச் சுவரில் ஐந்து பாயிண்ட், சமையலறையில் மூன்று. படம் போடும்போதே அங்கே நின்று சமைக்கிற ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

*

ஜனவரியில் நடந்ததை எழுதிவைக்க வேண்டும். மறந்துவிடக் கூடாது.

காலை ஏழு மணிக்கு சிலிண்டர் தீர்ந்தது. இண்டக்‌ஷனில் உலை வைத்தேன். பக்கத்திலேயே கெட்டிலில் குளிக்கத் தண்ணீர். இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். அந்தப் பாக்ஸின் ஒயர் மூன்று மீட்டர்; தேவைப்பட்டது ஒரு மீட்டர்கூட இல்லை. மிச்சத்தை இறுக்கமாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கோதுமை மாவு டின்னுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது.

பத்து நிமிடத்தில் ஒரு வாடை. பிளாஸ்டிக் வாளி வெயிலில் இளகுவது போல. டின்னை நகர்த்தினால் சுருட்டிய ஒயர் முழுக்க ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாக இருந்தது. ரப்பர் பேண்ட் உருகி அதற்குள் புதைந்திருந்தது. மெயின் சுவிட்சை அணைக்க ஓடினேன். அங்கே ஒன்றுமே நடக்காதது போல, கரண்ட் அளவு மீறினால் தானே விழ வேண்டிய எம்.சி.பி. மேலே நிமிர்ந்தே நின்றது. விழவில்லை.

அது ஏன் விழவில்லை என்பதுதான் அன்று முழுக்க மனதில் ஓடியது.

*

சாயங்காலம் கணக்குப் போட்டேன். இண்டக்‌ஷன் 2000 வாட், கெட்டில் 1500 வாட். மொத்தம் 3500. 230 வோல்ட்டால் வகுத்தால் 15 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். பாக்ஸின் பின்னால் சின்ன எழுத்தில் 6 ஆம்பியர் என்று இருக்கிறது. அதாவது 1380 வாட்டுக்கு மேல் அது தாங்காது. கெட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

எம்.சி.பி.யோ 16 ஆம்பியர். அது காப்பாற்றுவது சுவருக்குள் ஓடுகிற ஒயரை. சுவருக்கு வெளியே நாம் மாட்டும் மெல்லிய ஒயர் அதன் கணக்கிலேயே இல்லை. 15 ஆம்பியர் ஓடுவது அதற்கு ஒரு குறையாகத் தெரியாது. இங்கே 6 ஆம்பியர் பாக்ஸ் வெந்துகொண்டிருக்கும்.

நம் ஊரின் உருண்டைப் பின் ப்ளக் பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன பழைய வகை. அவர்கள் ஊரில் 1947இல் செவ்வகப் பின்னுக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் புது ப்ளக் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறிய ஃப்யூஸ் உண்டு; ஒயர் தாங்காத அளவு போனால் அந்த ஃப்யூஸ் போய்விடும். நம் ப்ளக்கில் அது கிடையாது. ஆகவே நம் வீட்டில் அந்த ஃப்யூஸின் வேலையைச் செய்ய வேண்டியது சமைக்கிறவரின் கவனம். தூக்கக் கலக்கத்தில், சிலிண்டர் தீர்ந்த காலையில், அந்தக் கவனத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால் தவறு செய்ய முடியாதபடி இடத்தை அமைப்பதுதான் வழி.

*

சுருட்டி வைத்தது ஏன் கெடுதல்? ஒயரில் கரண்ட் ஓடினால் கொஞ்சம் சூடு பிறக்கும். நீட்டிக் கிடந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். சுருட்டினால் உள்வளையத்தின் சூடு வெளிவளையத்தில் முட்டி நிற்கும். என் ஒயரின் குறுக்குவெட்டு 0.75 சதுர மில்லிமீட்டர். மூன்று மீட்டர் போக, மூன்று மீட்டர் வர, ஆறு மீட்டர் செம்பு. 15 ஆம்பியரில் அது ஏறக்குறைய 36 வாட் சூட்டைக் கக்கியிருக்கும். ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடக் கூடுதலான சூட்டைச் சுருட்டி, காற்றுப் படாமல், மாவு டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

ஓடாத ஒயரைச் சுருட்டி வைக்கலாம். ஓடுகிற ஒயரை நீட்டி விட வேண்டும். இரண்டு வரியையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

*

பெரிய ப்ளக்கைச் சின்னப் பாயிண்டில் மாட்ட உதவும் ஒரு மாற்று ப்ளக் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிறது. எங்கள் வீட்டிலும் இரண்டு இருந்தன. ஒரு கருவிக்குத் தடித்த பின் கொடுத்து அனுப்புகிறார்கள் என்றால், அது நிறைய கரண்ட் இழுக்கும் என்று அந்தப் பின்னே சொல்கிறது. அந்தச் சொல்லைக் காதில் வாங்காமல் இருக்கத்தான் இந்த மாற்று ப்ளக். இரண்டையும் தூக்கிப் போட்டேன்.

*

மூன்றாவது பின்னைப் பற்றி அம்மா ஒருமுறை கேட்டாள்: அது மட்டும் ஏன் நீளமாகவும் தடியாகவும் இருக்கிறது? அது எர்த். நீளமாக இருப்பதால் செருகும்போது அது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். கரண்ட் வருவதற்கு முன்பே பாதுகாப்பு வந்து, போன பிறகுதான் போகும். தடியாக இருப்பதால் தவறான ஓட்டையில் நுழையாது. “மூத்த பிள்ளை மாதிரி” என்றாள்.

ஈரக்கையோடு, ஈரத்தரையில் நின்று, எஃகுப் பாத்திரத்தைத் தொட்டுக்கொண்டே வேலை செய்கிற இடம் சமையலறை. வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்க வேண்டிய முதல் இடம் இதுதான். பிளெண்டர் போலச் சிலவற்றுக்கு இரண்டு பின்தான் வரும். அவற்றின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும். இரட்டைக் காப்பு என்று அர்த்தம். அந்தக் குறி இல்லாமல், மூன்று பின்னில் ஒன்றை உடைத்துவிட்டு ஓட்டுகிற மிக்சிகளை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். பயமாக இருக்கும்.

*

வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது, டைல்ஸில் துளை போடக் கூடாது. ஒயர்களைத் தொங்கவிட ஒட்டும் கொக்கிகளைத்தான் நம்ப வேண்டும். அடுப்புக்கு ஒரு முழத் தூரத்துக்குள் ஒட்டியது எதுவும் ஒரு மாதம் தாண்டவில்லை. எண்ணெய் ஆவி மெல்ல மெல்ல அடியில் இறங்கி அதைக் கழற்றிவிடுகிறது. டைல்ஸைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, ஒட்டி ஒருநாள் முழுக்க எதுவும் மாட்டாமல் விட்டால் கொஞ்சம் நிற்கிறது. ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் காந்தக் கொக்கி நன்றாகப் பிடிக்கிறது. அடுக்களைக் கதவின் பின்பக்கம் இன்னும் நல்லது. அங்கே ஆவி போவதில்லை.

*

வெள்ளிக்கிழமை. அம்மா வந்துவிட்டாள்.

நான் மூன்று நாளாக ஒழுங்குபடுத்தி வைத்ததைக் காட்டினேன். மிக்சியை மேடை மூலையில், சுவரோரமாக வைத்திருந்தேன். அவள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. காலையில் எழுந்து வந்தால் மிக்சி ஒரு முழம் வலப்பக்கமாக நகர்ந்திருந்தது.

காரணத்தை அரைக்கும்போது காட்டினாள். இடக்கை மூடியை அழுத்திப் பிடிக்கும். வலக்கை திருகியைத் திருப்பும். நான் வைத்த இடத்தில் பாயிண்ட் வலப்பக்கம் இருந்ததால் ஒயர் திருகிக்கு முன்னால் குறுக்கே போனது. வலக்கை அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதோடு மேலே அலமாரி இடித்ததால் ஜாரைத் தூக்கிச் சாய்க்க முடியவில்லை. இப்போது ஒயர் இடப்பக்கமாகப் பின்னால் போகிறது. தலைக்கு மேல் வெட்டவெளி. பக்கத்தில் சிங்க் இல்லை, அடுப்பும் இல்லை. மிக்சி ஒயரை ஏன் இவ்வளவு குட்டையாகக் கொடுக்கிறார்கள் என்று முன்பு சலித்துக்கொள்வேன். நீளம் கூடினால் அது அடுப்பின் மேல் கிடக்கும், அல்லது சிங்கில் தொங்கும், அல்லது போகிற வருகிறவர் கையில் மாட்டும். குட்டையாகக் கொடுத்ததுதான் சரி. பாயிண்ட்தான் ஒயரைத் தேடி வர வேண்டும்.

*

இன்னொன்றும் அவளிடம் கற்றேன். கருவிகளை எடுத்து வைக்கும்போது ஒயரை நான் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் சரசரவென்று சுற்றுவேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒயருக்கு ஒரு முறுக்கு ஏறும். பத்து நாளில் அது தானாகவே பாம்பு மாதிரி நெளியும். கழுத்தில், கருவிக்குள் நுழைகிற இடத்தில், உள்ளே செம்பு இழை ஒவ்வொன்றாக அறும். மேலே தோல் நன்றாகத்தான் இருக்கும். ஆட்டினால் ஓடும், விட்டால் நிற்கும்.

அம்மா பிறந்தது நெசவாளர் வீட்டில். அருப்புக்கோட்டையில் பதினைந்து வயது வரை ராட்டையில் தார் சுற்றியவள். என் கையிலிருந்து பிளெண்டர் ஒயரை வாங்கி, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் எட்டு போல இப்படி ஒன்று, அப்படி ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டாள். ஒரு பக்கம் ஏறுகிற முறுக்கை மறுபக்கம் எடுத்துவிடுகிறது. நடுவில் ஒரு கட்டு. பிரித்தபோது ஒரு சிக்கல் இல்லை, நேராக விழுந்தது. “நூல் சிட்டத்தை முறுக்கி வெச்சா எங்கய்யா அடிப்பாரு” என்றாள்.

அறுபது வருடத்துக்கு முன்னால் நூலில் பழகிய விரல்கள். ஒயரும் நூல்தானே அவளுக்கு, கொஞ்சம் தடித்த நூல். கழுத்திலிருந்து நான்கு விரல் விட்டுத்தான் முதல் மடிப்பை ஆரம்பிக்கிறாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

*

எதால் கட்டுவது?

ரப்பர் பேண்ட் வேண்டாம். அடுக்களைச் சூட்டில் பிசினாகி ஒயரில் ஒட்டிக்கொள்கிறது. சணல் முடிச்சு இறுகிவிடுகிறது. துணிக் கிளிப் தற்காலிகத்துக்குச் சரி. தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் வெல்க்ரோ பட்டை நன்றாக இருக்கிறது; ஒரு சாண் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு ஒயரிலும் ப்ளக்குக்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஒன்று தைத்துவிட்டேன். தனியாக வைத்தால் தொலைந்துவிடும்.

அம்மா தன் பங்குக்குப் பழைய சேலைக் கரையைக் கிழித்துப் பட்டை பட்டையாக வைத்திருக்கிறாள். அவளுக்கு வெல்க்ரோவின் கரகர சத்தம் பிடிக்கவில்லை.

*

கழற்றி மாட்டும் ஒயர்கள்தான் அதிகம் தொலைகின்றன. ரைஸ் குக்கர் ஒயரைத் தேடி ஒரு பொங்கல் காலையில் பரண் முழுக்கக் கலைத்திருக்கிறேன். இப்போது தாம்பூலப் பைகள். கல்யாண வீட்டில் தேங்காயோடு கொடுத்த மஞ்சள் துணிப் பை ஒவ்வொன்றிலும் ஒரு கருவியின் ஒயர், அளவுக் குவளை, துடுப்பு, பிளேடு, வாரண்ட்டி அட்டை எல்லாம் சேர்த்துப் போட்டு, கதவுக்குப் பின்னால் வரிசையாக மாட்டியாயிற்று. பையின் மேல் மணமக்கள் பெயர் இருக்கிறது. அம்மா அதை வைத்தே ஞாபகம் வைத்துக்கொள்கிறாள்: எங்கள் சித்தி மகன் கல்யாணப் பை ரைஸ் குக்கருக்கு, பக்கத்து வீட்டுப் பெண் கல்யாணப் பை பிளெண்டருக்கு.

எவர்சில்வர் தூக்குக்கும் தம்ளருக்கும் பெயர் வெட்டி வைத்த வழக்கம் நமக்கு இருந்தது. எந்த வீட்டுப் பாத்திரம் எந்த வீட்டுக்குப் போனாலும் திரும்பி வரும். எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும் ஒயர்களுக்கும் அது வேண்டும். ப்ளக்கின் தலையில் நகப்பூச்சால் புள்ளி வைத்தேன். மிக்சிக்குச் சிவப்பு, கெட்டிலுக்கு வெள்ளை, டோஸ்டருக்குப் பச்சை. ஒன்றைப் பிடுங்கப் போய் இன்னொன்றைப் பிடுங்குவது நின்றுவிட்டது. பின்னைத் தவிர்த்து, பிளாஸ்டிக்கின் மேல் மட்டும் வைக்க வேண்டும்.

*

கிரைண்டர் பத்துக் கிலோவுக்கு மேல். அதை யாரும் தூக்கக் கூடாது என்று தீர்மானம். சக்கரம் வைத்த பலகையில், மேடைக்கு அடியில், திரைக்குப் பின்னால் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் காலால் லேசாக இழுத்தால் வருகிறது. இழுக்கும் இடத்திலேயே சின்னப் பாயிண்ட். இந்தக் கிரைண்டர் 150 வாட்தான். உருவத்தைப் பார்த்து நிறைய கரண்ட் இழுக்கும் என்று நினைத்திருந்தேன். கையடக்கமான கெட்டில் அதைப் போலப் பத்து மடங்கு இழுக்கிறது. சூடாக்குகிற சாமான் எதுவோ அதுவே கவனிக்க வேண்டிய சாமான். சுற்றுகிறது எல்லாம் சாது.

*

சின்னச் சின்னதாக:

இண்டக்‌ஷனில் சமைத்து முடித்தவுடன் சுவரில் சுவிட்சை அணைக்கக் கூடாது. உள்ளே விசிறி இன்னும் ஓடும். அது நின்ற பிறகே அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் சூடு உள்ளேயே தங்கும்.

கெட்டில் தட்டின் அடியிலேயே ஒயர் சுற்ற ஒரு பள்ளம் உண்டு. எனக்கு நான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தேவையான நீளம் மட்டும் வெளியே. ஓடுகிற ஒயரைச் சுருட்டலாமா என்றால், அது கெட்டிலுக்கென்றே செய்த தடித்த, குட்டையான ஒயர். மூன்று நிமிடத்தில் தானே அணைந்துவிடும்.

சிங்குக்குப் பக்கத்துப் பாயிண்டில் எதை மாட்டினாலும் ஒயர் முதலில் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறிப் பாயிண்டுக்குப் போக வேண்டும். ஒயர் வழியாக ஓடுகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

டோஸ்டர் சூடாக இருக்கும்போது அதன் உடம்பிலேயே ஒயரைச் சுற்றக் கூடாது. சுற்றி, தோல் பொசுங்கிய தடம் எங்கள் டோஸ்டரில் இருக்கிறது.

மைக்ரோவேவின் மணி காட்டும் விளக்கு சும்மா இருக்கும்போதும் கரண்ட் குடிக்கிறது. மூன்று வாட் என்றாலும் இரண்டு மாத பில்லில் நான்கு யூனிட். இலவச யூனிட் வரம்பின் விளிம்பில் பில்லை இழுத்துப் பிடிக்கிற வீடுகளுக்கு நான்கு யூனிட்டும் ஒரு கணக்குதான்.

*

கரப்பான். மிக்சியைத் திருப்பிப் பார்க்காத வீடுகளுக்கு இது. மோட்டாரின் இளஞ்சூடு, அடியில் காற்றுத் துளைகள், வழிந்து காய்ந்த மாவு. அதற்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. அடியில் சுற்றி வைத்த ஒயரின் இடுக்கில்தான் முட்டைக்கூடு இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பிழிந்த துணியால் ஒயரைத் தலையிலிருந்து கடைசிவரை ஒரே இழுப்பில் துடைக்கிறேன். அப்படித் துடைக்கும்போது விரலுக்கு எல்லாம் தெரியும். எங்கே கெட்டிப்பட்டிருக்கிறது, எங்கே வெடித்திருக்கிறது, எங்கே எலி பல் வைத்திருக்கிறது.

மிக்சிக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. சுமை தாங்காமல் மிக்சி நின்றால், சற்று ஆறவிட்டு அதை அழுத்த வேண்டும். அது தெரியாமல் ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனவர்கள் எங்கள் சொந்தத்திலேயே மூன்று பேர்.

*

ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. அருப்புக்கோட்டை வீட்டில் தறிக்குப் பூஜை. தறியைத் துடைத்து, நாடாவைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அன்று அதைத் தொடமாட்டார்கள். என் வீட்டில் அந்த நாளில் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் பொட்டு வைக்கிறேன். இந்த வருடத்திலிருந்து பதினோரு ஒயரையும் வெளியே எடுத்து, நீட்டிப் பார்த்து, துடைத்து, பிறகு பொட்டு வைப்பதாக அம்மாவோடு பேசியிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு நாள் எல்லாக் கருவியும் ஓய்வில் இருக்கிறதென்றால் அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

*

சாண்ட்விச் மேக்கர் விடுதியில் தங்கிப் படிக்கும் அண்ணன் மகளுக்குப் போயிற்று. உருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. ஒயரை வெட்டி, இனி யாரும் ஓட்ட முடியாதபடி செய்து, மின்கழிவு வாங்குமிடத்தில் போட்டேன். காயலான் கடையில் செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிறார்கள். போகிக்கும் சில தெருக்களில் இது நடக்கிறது. அந்தக் கரும்புகை நெஞ்சுக்கு நஞ்சு. செம்பு வேண்டுமென்றால் தோலை உரித்தும் எடுக்கலாம்.

பத்து ஒயர் இப்போது.

*

ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் உருகிய ஒயரின் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “என் வீட்டுலயும் அப்படித்தான் சுருட்டி வெச்சிருக்கேன்” என்றார். மெயின் போர்டிலிருந்து தனியாக ஒரு பெரிய பாயிண்டும், ஈரக்கையில் ஷாக் அடித்தால் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போடச் சம்மதித்துவிட்டார். செலவு பாதிப்பாதி.

*

ஞாயிறு காலை. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். வழக்கம்போலத் தரையிலிருந்து இவ்வளவு உயரம் என்று டேப்பை இழுத்தார். “அந்த உயரம் யாருக்கு? மாட்டப்போறது இவங்கதானே” என்று அம்மாவைக் காட்டினேன். அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, “நீங்க நின்னு கையை வையுங்கம்மா” என்றார்.

அம்மா மேடை அருகில் போய், எக்காமல், குனியாமல், தோளை உயர்த்தாமல், இடக்கையைச் சுவரில் வைத்தாள். அவர் அந்தக் கைக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

*

வாங்க வேண்டியவை: 16 ஆம்பியர் ஸாக்கெட், சுவிட்சோடு. 4 ஸ்கொயர் ஒயர், அவர் சொன்ன நீளம். ஆர்.சி.சி.பி. ஒன்று. காந்தக் கொக்கி இரண்டு. வெல்க்ரோ வேண்டாம்; சேலைக் கரை இருக்கிறது.